வெளிச்சவீட்டுக்கு நேர் தெற்கே

"அழுத்துங்க அய்யே," என்றேன். "கீழ போயிட்டா பிறகு எப்ப வருமோ."

படகோட்டி தயாவங்ச, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் அய்யே, ரேடியோ மைக்கை வாயருகே பிடித்திருந்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது; அழுத்தவில்லை. மேல்தட்டில் விருந்தாளிகள் எல்லோரும் இடப்பக்கம் ஓடிச் சேர்ந்ததால் படகு அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. எதிரே நீலத் திமிங்கிலத்தின் முதுகு நீரைவிட்டு வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது, இனி முடிந்துவிடும் என்று நினைத்த இடத்திலும் முடியாமல் வந்தது. அதன் விலாவை ஒட்டி ஒரு குட்டி. குட்டி என்பது எங்கள் 'சயுரு தூ' படகில் பாதி. தாய் விட்ட மூச்சு, காற்றில்லாத அந்தக் காலையில், தென்னை உயரத்துக்கு எழுந்து சற்று நேரம் கலையாமல் நின்றது.

வாரக்கணக்கில் நாங்கள் பார்க்காத காட்சி. அந்தப் பருவத்தில் திமிங்கிலங்கள் கப்பல் பாதைக்கு அப்பால் போய்விட்டிருந்தன. மிரிஸ்ஸவிலிருந்து போன படகுகள் பெரும்பாலும் டொல்பின்களைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

அவர் அழுத்தி, இந்திரசிறியின் படகைப் பெயர் சொல்லி அழைத்தார்.

"நில் தரங்க, நில் தரங்க. இந்திரசிறி, கேக்குதா?"

"கேக்குது அய்யே, சொல்லுங்க." குரலில் வழக்கமான சிரிப்பு இருந்தது. அதன் பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டது.

"பெரிசு நிக்குது. தாயும் குட்டியும். தெவுந்தர வெளிச்சவீட்டுக்கு நேர் தெற்கே, கப்பல் பாதைக்கு இந்தப் பக்கம். உடனே வா."

"தெவுந்தரைக்கா?"

"ஓம். தெவுந்தரைக்கு."

"நேர் தெற்கே?"

"எத்தினை தரமடா சொல்றது? நேர் தெற்கே."

"விளங்கிட்டுது அய்யே. பெரிய உதவி. இதை மறக்கமாட்டன்."

மேற்கே, தொடுவானத்துக்குச் சற்று உள்ளே, வெள்ளைப் புள்ளியாக நின்ற அவனுடைய படகு அசைந்தது. அதன் மூக்கு எங்களை நோக்கித் திரும்பும் என்று தயாவங்ச கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அது எதிர்த்திசையில், மேற்கே காலி ஊர்ப் பக்கம் திரும்பியது. திரும்பி, வேகம் எடுத்தது.

"எங்க போறான் இவன்?" என்றார்.

எனக்குத் தெரியும். கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

தயாவங்ச திமிங்கிலப் படகுக்கு வருமுன் பாதி வாழ்நாள் பலநாள் படகில் சூரை பிடித்தவர். போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும். அந்தக் கடலில் மீன் கிடைத்த இடத்தைச் சொல்கிறவன் முட்டாள். சொல்ல மறுக்கிறவன் கெட்டவன். கேட்கிறவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆகவே எல்லோரும் சொன்னார்கள்; எல்லோரும் பொய் சொன்னார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவன் பொய்யை நம்பி ஒரு இரவு முழுக்க எண்ணெய் எரித்தால், அடுத்த மாதம் கரையில் சாராயம் குடிக்கும்போது அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

பொய்யில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி இருந்தது. ஒருவன் தூரத்தை இரட்டிப்பான். ஒருவன் நேற்றைய இடத்தைச் சொல்வான். தயாவங்ச கற்பனை குறைந்தவர். அவர் திசையைத் திருப்பிப் போடுவார். மேற்கே காலிப் பக்கம் என்றால் கிழக்கே தெவுந்தர. தெவுந்தர என்றால் காலி. வேறு எதையும் மாற்றமாட்டார், ஆழத்தைக்கூடச் சரியாகச் சொல்வார். இதை முதலில் கண்டுபிடித்தவன் இந்திரசிறி. அப்போது அவன் அவருடைய படகில் தூண்டில் இழுப்பவன், அவர் தங்கையைக் கட்டியவன், ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவன். பிறகு தனிப் படகில் போனபோது, அவர் சொன்னதைத் திருப்பிப் போட்டே அவன் மீன் பிடித்தான். ஒருநாள் போதையில் அதை வெளியே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு துறைமுகமே அவரைத் திசைகாட்டியாக வைத்துக்கொண்டது. முள் மட்டும் தலைகீழ்.

அவருக்கோ அது ஒரு தீராத ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு கவனமாகப் பொய் சொன்னாலும் கொஞ்ச நேரத்தில் இந்திரசிறியின் படகு வந்து நிற்கும்.

"மூக்குடா அவனுக்கு," என்று பெருமையோடு சொல்வார். "எங்க ஒளிச்சு வச்சாலும் மோந்துகொண்டு வந்திடுவான். என்ட பழக்கத்தில வந்தவன்."

முதுகுக்குப் பின்னால் பகிடிகள் இருந்தன. தயாவங்ச அய்யே பாண் வாங்கப் போனால் முதலில் பேக்கரிக்கு எதிர்ப்பக்கம் நடப்பார். மாத்தறை டாக்டரிடம் வலது காலைக் காட்டி இடது காலுக்கு மருந்து வாங்கி வந்தார். பௌர்ணமிப் போயா நாளில் விகாரையில் எல்லோரும் பஞ்சசீலம் சொல்லும்போது, நான்காவது சீலம் வந்ததும், பொய் பேசமாட்டேன் என்ற அந்த இடத்தில், பத்துத் தலைகள் அவர் பக்கம் திரும்பும். ஒருமுறை பிக்குவே சிரித்துவிட்டு அவரைக் கேட்டார்.

"கடலில சொல்றது பொய்க் கணக்கில சேராது ஹாமதுருவே," என்றார் தயாவங்ச. "அது தூண்டில், ஈயக்குண்டு மாதிரி ஒரு தொழில் சாமான்."

கரையில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு மீன் பழுதென்றால் வாங்குபவன் பார்க்குமுன் அவரே எடுத்து வெளியே போடுவார். மனைவியின் சமையல் நன்றாயில்லை என்றால் நன்றாயில்லை என்று சொல்லிவிட்டு மிச்சமில்லாமல் சாப்பிடுவார்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும், முதுகு வலியோடு சூரையை விட்டுத் திமிங்கிலத்துக்கு மாறினார். இந்தத் தொழிலின் முறை வேறு. ஒருவன் கண்டால் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு அவன் காண்பான், சொல்வான். இளைய ஓட்டிகள் அப்படித்தான் செய்தார்கள். தயாவங்சவுக்கு அது வரவில்லை. காலையில் திமிங்கிலத்தைக் கண்டதும் கை தானாக மைக்குக்குப் போகும், வாய் தானாகத் திசையைத் திருப்பும். சொல்லிவிட்டு, திருப்தியோடு, ஒரு வெற்றிலை மடிப்பார். அரைமணியில் எல்லாப் படகும் வந்து சுற்றி நிற்கும்.

அன்று விடிய முன், விருந்தாளிகள் இஞ்சி பிஸ்கட்டையும் உயிர்காப்பு அங்கியையும் வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய தங்கை சிறியாலதா வந்தாள். படகுகளுக்குக் காலைச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுப்பது அவள்தான். பெட்டிகளை என்னிடம் இறக்கிவிட்டு அவள் போகவில்லை.

"அய்யே, கொஞ்சம் இங்க வா."

"என்ன நங்கி, முட்டை குறையுதா?"

"முட்டை இருக்கட்டும். இவருக்கு இன்னைக்குக் கடைசி நாள். தெரியுமா உனக்கு?"

"எவருக்கு?"

"எனக்கு எத்தினை புருசன் இருக்கு?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விசயத்தைச் சொன்னாள். 'நில் தரங்க' மாத்தறை முதலாளி ஒருவருடைய படகு. இந்திரசிறி தொடர்ந்து வெறும் கடலைக் காட்டிக்கொண்டிருந்ததில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று தன் ஆட்களோடு படகைக் காலையிலிருந்து மாலைவரை எடுத்திருந்தது. திமிங்கிலத்தைக் காட்டினால் அடுத்த பருவம் முழுக்க அந்தக் கம்பனி. காட்டாவிட்டால் மாலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"இறங்கினா திரும்பவும் பலநாள் படகுதான் அவருக்கு. வேற என்ன தெரியும்? போன தரம் எல்லை தாண்டினதெண்டு வேற நாட்டுக்காரன் பிடிச்சு அடைச்சு வச்சானே, நான் ஏறி இறங்காத கந்தோர் இல்ல. இன்னொரு தரம் என்னால ஏலாது அய்யே."

"நான் என்ன செய்ய? பெரிசை நானா மடியில கட்டி வச்சிருக்கன்?"

"உனக்குக் கிடைச்சா அவருக்குச் சொல்லு. உண்மையச் சொல்லு. வீட்ட வந்தா உன்ட பொய்யைச் சொல்லித்தான் சிரிக்கிறார். அவர் சிரிக்கட்டும், எனக்குச் சிரிப்பு வரல்ல."

தயாவங்ச படகுப் பக்கம் திரும்பினார். அவருடைய பொய்யைத் தன் புருசன் என்ன செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. கடல் விசயங்களில் இந்திரசிறி வீட்டில் சொல்வது சிரிப்பை மட்டும்தான்.

அவள் படகில் ஏறினாள். சுக்கானுக்கு மேலே சிவப்புச் சின்ன பல்பு எரியும் புத்தர் படம் இருந்தது. அண்ணனின் கையை இழுத்து அதன் மேல் வைத்தாள்.

"சொல்லு. இன்னைக்கு ஒருநாள் என்ட வாயில பொய் வராது."

"விருந்தாளிகள் பாக்கினம் நங்கி."

"பாக்கட்டும். சொல்லு."

அவர் சொன்னார்.

இப்போது 'நில் தரங்க' காலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தயாவங்ச மறுபடி மைக்கை அழுத்தினார்.

"இந்திரசிறி, அங்க இல்லடா. இங்க. மெய்யாத்தான் சொல்றன்."

அந்த அலைவரிசையில் எல்லாப் படகும் இருந்தன. யாரோ ஒருவன், "அய்யே, வெளிச்சவீட்டு மேல சத்தியம் பண்ணுங்க!" என்றான். இன்னொருவன், "அய்யேக்கு இன்னைக்கு என்ன, காய்ச்சலா?" என்றான்.

"வாயை மூடுங்கடா நாய்கள். இந்திரசிறி, எங்கட அம்மா மேல சத்தியம். தெவுந்தரைக்கு நேர் தெற்கே."

சிரிப்பு நின்றது. அவர் இத்தனை வருடத்தில் அம்மாமேல் சத்தியம் செய்ததில்லை. அப்படியானால் காலிப் பக்கம் இருப்பது ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே என்று அவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். எங்களுக்கும் இந்திரசிறிக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இரண்டு படகுகளும் மேற்கே திரும்பின.

நான் சுக்கானுக்குப் பக்கத்தில் போனேன்.

"அய்யே, காலிப் பக்கம் நிக்குதெண்டு சொல்லுங்க."

"ஏன்? இங்கதானே நிக்குது."

"அப்பிடிச் சொன்னாத்தான் வருவான்."

என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை, இரண்டு வசனம்.

"எல்லாருமா?" என்றார்.

"எல்லாரும்."

"இவனுமா?"

"அவன்தான் முதல்."

"எவ்வளவு காலமா?"

"நான் இந்தத் துறைமுகத்துக்கு வர முதலே."

குட்டி மறுபடி மேலே வந்தது. மேல்தட்டில் கைதட்டினார்கள். தயாவங்ச அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மூக்கு இல்ல," என்றார்.

மைக்கை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். வாயைத் திறந்தார். ரேடியோவில் அவருடைய மூச்சுச் சத்தம் போயிருக்கும். ஒருவன், "சொல்லுங்க அய்யே, என்ன?" என்று கேட்டான். அவர் பொத்தானை விட்டுவிட்டார்.

"ஏலாது. கை வச்சிட்டன்."

"நங்கி கேட்டது அவனுக்குப் பெரிசைக் காட்டத்தானே?"

"நங்கி கேட்டது பொய் சொல்லவேண்டாம் எண்டு."

"நான் சொல்லட்டா?"

"என்ட படகில இருந்து போற பொய் என்ட பொய்தான்."

மைக்கைக் கொக்கியில் மாட்டினார். அதன் பிறகு அவர் செய்ததை, இருபது வருடம் சூரைக்குப் பின்னால் திரிந்த ஒருவர் செய்வார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். எஞ்சினைக் கிளப்பினார். திமிங்கிலத்தை விட்டுவிட்டுச் சுக்கானை மேற்கே திருப்பினார்.

மேலிருந்து ஒரே கூச்சல். ஆங்கிலத்தில், ஜெர்மனில், இன்னும் எதிலோ. ஒரு பெரிய வெள்ளைக்காரர் படியில் பாதி இறங்கிவந்து, அது அங்கே இருக்கிறது என்று திமிங்கிலத்தைச் சுட்டிக்காட்டினார், எங்களுக்குத் தெரியாததுபோல. விருந்தாளிகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. தாயையும் குட்டியையும் அதிக நேரம் தொந்தரவு செய்யக்கூடாது, அதனால் விலகுகிறோம் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். ஒரு அம்மா எங்களைப் பாராட்டிக் கைகூப்பினாள்.

"நேர போய் அவன்ட படகுக்குக் குறுக்க நிப்பன்," என்றார் தயாவங்ச. "முகத்தைப் பாத்தா நம்புவான்."

முகம் தெரியும் தூரம் வரவில்லை. நாங்கள் வருவதை இந்திரசிறி பார்த்துவிட்டான். ரேடியோவில் அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"பாருங்கடா, அய்யே தெவுந்தரையை விட்டிட்டு ஓடி வாறார்! நான் சொன்னன்தானே? எனக்கு முதல் போய்ச் சேரப் பாக்கிறார்!"

'நில் தரங்க'வின் பின்னால் கரும்புகை எழுந்தது. அது எங்கள் படகைவிடப் புதிய படகு, வேகமானது. நாங்கள் துரத்தத் துரத்த அது போய்க்கொண்டே இருந்தது. வெலிகமக் குடா பின்னால் போய்விட்டது. கொக்கல வரப்போகிறது. தயாவங்ச கையை வெளியே நீட்டி, திரும்பு திரும்பு என்று ஆட்டிக்கொண்டே ஓட்டினார். அந்தத் தூரத்துக்கு அது எப்படித் தெரிந்ததோ, இந்திரசிறியும் கையை ஆட்டினான்.

அப்போதுதான் இன்னொரு குரல் வந்தது. நீர்கொழும்பிலிருந்து அந்தப் பருவத்துக்குப் புதிதாக வந்திருந்த படகு. தயாவங்சவைப் பற்றி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"சயுரு தூ அங்கிள், கேக்குதா? நல்லா இருப்பீங்க அங்கிள். நீங்க சொன்ன இடத்திலயே நிக்குது, தாயும் குட்டியும். எங்கட ஆக்கள் அழுகினம் சந்தோசத்தில."

முன்னால் ஓடிக்கொண்டிருந்த படகின் புகை குறைந்தது. அது நின்று, அலையில் ஒருமுறை பக்கவாட்டில் உருண்டு, திரும்பியது. எங்களை நெருங்காமல் தெற்கே விலகி, தெவுந்தரப் பக்கம் போனது.

காலையில் எண்ணெய்போல் கிடந்த கடலில் நண்பகலுக்குமேல் காற்று எழும்பியது. மார்ச் மாதக் காற்று அப்படித்தான், வந்தால் இருட்டும்வரை போகாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் முழுக்க வெள்ளை நுரை. அந்த நுரைக்குள் மூச்சு எது அலை எது என்று பிரிக்க முடியாது. நீர்கொழும்புக்காரர்கள், ஒரு கொள்கலன் கப்பல் பக்கத்தால் போனதும் தாய் வாலைத் தூக்கி இறங்கியதாகவும், குட்டியோடு பாதையைக் கடந்து தெற்கே போயிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். இந்திரசிறி திரும்பவில்லை. அவனுக்கு மாலைவரை நேரம் இருந்தது. நாங்களும் திரும்பவில்லை. இரண்டு படகும் கப்பல் பாதையின் ஓரமாக மேலும் கீழும் போய் வந்தன. எங்கள் விருந்தாளிகள் முறைப்பாட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். ஒருமுறை தயாவங்ச, "அந்தா!" என்று கத்தினார். அது கப்பலொன்று போட்ட மரக்கட்டை.

வெயில் மஞ்சளாகிய பிறகு 'நில் தரங்க' எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. கம்பனி ஆட்கள் பக்கவாட்டு இருக்கைகளில் சாய்ந்து கிடந்தார்கள், பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்துக்கொண்டு. எங்கள் ஆட்களில் சிலர் எழுந்து தங்கள் கமராக்களைத் தூக்கிக் காட்டி, கைகளை விரித்து, இவ்வளவு பெரிசு என்று அவர்களுக்குச் சொன்னார்கள்.

இந்திரசிறி சுக்கானைத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு ஓரத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"அய்யே."

"ம்."

"இன்னைக்குப் பாத்து உண்மை சொன்னீங்களே."

தயாவங்ச இரண்டு படகுக்கும் நடுவில் கிடந்த தண்ணீரைப் பார்த்தார்.

"எப்பவும் போலப் பொய் சொல்லியிருந்தா நேர வந்திருப்பன் அய்யே. கண்ணை மூடிக்கொண்டு வந்திருப்பன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ திருப்பிப் போடுறது."

இந்திரசிறியின் முகம் மாறியது. அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்க? ஆர் சொன்னது உங்களுக்கு, இன்னைக்கு உண்மை சொல்லச் சொல்லி?"

நான் தயாவங்சவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் சொல்லல்ல."

"அப்ப?"

"பகிடிக்கு."

"பகிடிக்கா?"

"நீங்கள் எல்லாரும் திருப்பிப் போட்டுத் திரியிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா? முதல்ல இருந்தே தெரியும். ஒருநாள் நேராச் சொல்லிப் பாப்பம், என்ன செய்யிறாய் பாப்பம் எண்டு."

"அம்மா மேல சத்தியம் பண்ணினீங்க."

"அதுவும்தான்."

அலை படகுகளை நெருக்கியது. இந்திரசிறி எங்கள் படகின் ஓரத்தில் கையை ஊன்றித் தள்ளினான். தள்ளிவிட்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வரும் வழியில் நான் கேட்டேன். "நங்கி சொன்னது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? இன்னைக்கு இரவு அவள் போடுற சோத்தை அவன் எப்பிடித் தின்பான்?" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னோட கோவமெண்டா ரெண்டு பேரும் சேந்து கோவிக்கலாம்," என்றார்.

சிறியாலதா இறங்குதுறையில் நின்றாள். விருந்தாளிகள் இறங்கி முடியும்வரை காத்திருந்து அண்ணனிடம் வந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னன்."

"உண்மையத்தானே?"

"உண்மைதான். இவனைக் கேள்." என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

"பிறகு ஏன் அவர் காணல்ல?"

"காத்து. அவன் வந்து சேர முதல் காத்து எழும்பிட்டுது. அவனில பிழை இல்ல."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னியே, அது போதும் அய்யே. புண்ணியம் கிடைக்கும் உனக்கு," என்று அவருடைய முழங்கையைப் பிடித்தாள். அவர் கையை அப்படியே வைத்திருந்தார்.

துறையின் மறுகோடியில் இந்திரசிறி முதலாளியின் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதலாளி வண்டியைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். சாவியை வாங்கியதும் கண்ணாடி மேலேறியது. சிறியாலதா அவனிடம் நடந்து போனாள். இருவரும் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் ஏதோ சொன்னான், சின்ன வசனம்தான். அவள் திரும்பி எங்கள் படகைப் பார்த்தாள். தயாவங்ச குனிந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவர் நிமிர்ந்தபோது அவர்கள் துறைமுக வாசலைக் கடந்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் கடல் அமைதியாக இருந்தது. சாப்பாட்டுப் பெட்டிகளைச் சிறியாலதா கொண்டுவரவில்லை, அவளுடைய அடுத்த வீட்டுப் பெண் கொண்டுவந்தாள். 'நில் தரங்க'வை வெலிகமக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். இந்திரசிறி காலையில் பலநாள் படகுகள் கட்டும் பக்கம் போய், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு படகுக்குப் பெயர் கொடுத்தான். அது இரண்டு நாளில் புறப்படுவதாக இருந்தது. எங்கள் படகில் முப்பது பேர் வரை இருந்தார்கள், பாதிப்பேர் சீனர்கள். எட்டு மணிக்குள்ளேயே திமிங்கிலங்களைக் கண்டோம். கரைக்குக் கிட்டவே நின்றன, எந்தப் படகுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாப் படகும் பார்த்தன. நண்பகலுக்கு முன் திரும்பிவிட்டோம். தயாவங்ச படகைக் கழுவச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.